ஒட்டின் ஆயுள்

சென்ற ஆண்டு எம் அன்னையாரின் கதிரைக் கால் பிளந்தது. பழைய அழுக்குக் கிடந்த பிளவிலே பசையைத் தடவிக் கயிற்றாற் கட்டி வைத்தோம். மறுநாள் நாமே அமர்ந்து பார்த்தோம், சற்றும் அசையவில்லை. தச்சருக்குக் கொடுக்கும் கூலி மிச்சமென்று மகிழ்ந்தோம். மாரி வந்தது. ஒரு மாலை அன்னையார் அமர்ந்ததும் ஒட்டு விட்டது. தெய்வாதீனமாக முழங்கையிற் சிராய்ப்போடு போயிற்று.

இதனை வகுப்பிலே கூறியபோது மாணவனொருவன், “ஆகாய விமானத்தையும் பசையால் ஒட்டிச் செப்பனிடுகிறார்களாமே! அதில் ஏறுவீர்களா, சேர்?” என்றான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை.

அவன் கேட்டது உண்மையே. 1970களில் மெல்பேண் நகர ஆய்வுகூடமொன்றில் அலன் பேக்கர் என்னும் அறிஞரும் குழுவினரும், வெடித்த அலுமினியத் தகட்டின்மேல் போரன் இழையாலான ஒட்டுத்தகட்டை எப்பொக்சிப் பசையாற் பதிக்கும் முறையை வளர்த்தனர். தறையாணிக்கெனப் புதுத் துளை வேண்டுவதில்லை. துளைதானே பல வெடிப்புகளின் பிறப்பிடம்!

ஆயின் பசைக்குப் பகை ஈரம். அலுமினியத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் ஈரத்தால் வலுவிழந்தால், பசை கெடாதிருந்தும் ஒட்டு விடும். 1988 ஏப்ரில் 28 ஆம் திகதி, ஹவாய்த் தீவுகளின் மேல் 24,000 அடி உயரத்திலே போயிங் 737 விமானமொன்றின் மேற்கூரை பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏனையோருடன் விமானம் தரையிறங்கியது. பத்தொன்பது ஆண்டு பறந்த அவ்விமானத்தின் தகட்டு மூட்டுகளிற் பசை விட்டு, சுமை தறையாணித் துளைகளில் விழ, சிறு வெடிப்புகள் ஒன்றுகூடின. அது தொழிற்சாலையில் இட்ட ஒட்டு. எனினும் செப்பனிடுவோர்க்கும் பாடம் அதுவே.

ஒட்டிய பின் அதன் வலிமையை உடைக்காமல் அளக்கும் நம்பத்தக்க வழி இன்றுமில்லை. ஒலியலை கொண்டு விட்டுப்போன இடத்தைக் காணலாம். இனி விடப்போகும் இடத்தைக் காண இயலாது. ஆதலால் ஒட்டுமுன் தகட்டின் அழுக்கை நீக்கி, நுண்டுகள் வீசி உராய்ந்து, சிலேன் என்னும் இரசாயனம் பூசுகின்றனர். முக்கிய உறுப்புகளிலே, ஒட்டு முற்றாக விட்டாலும் விதித்த சுமையை உறுப்புத் தாங்கவேண்டுமென்றும் கேட்கின்றனர்.

“துடைத்தவன் சோம்பாதிருந்தால் ஏறுவோம்” என்றோம் மாணவனிடம்.

அன்று மாலையே கதிரையைத் தச்சரிடம் கொண்டு சென்றோம். அவர் பசையைத் தொடவில்லை. நெடுநேரம் பிளவைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். நாம் தலைகுனிந்து நின்றோம்.