கினிகத்தேனையும் சுற்றெண்ணியும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், மலைநாட்டின் மேற்கு வாயில் போல அமைந்த சிறு பட்டணம் கினிகத்தேனை. ‘தீப்பிடித்த சேனை’ என்பதே இச்சிங்களப் பெயரின் நேர்ப்பொருள். காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைச் செய்கையின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. ஆயினும் அங்கே இறங்கும் பிரயாணிக்குத் தீயின் நினைவு எளிதில் வருவதில்லை. இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரையெல்லாம் முதலில் இறக்கிவைக்கும் மலைச்சரிவு இது. தீயின் பெயரைத் தாங்கிய ஊர் ஆண்டு முழுவதும் நனைந்து நிற்பது ஒரு விசித்திரந்தான்.

‘குவாய் நதிப் பாலம்’ என்னும் 1957ஆம் ஆண்டுத் திரைப்படம் எடுக்கப்பட்ட கித்துல்கலையைக் கடந்ததும் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. களனி கங்கை கீழே தங்கிவிடுகிறது. இறப்பர் மரங்கள் மெல்ல விடைபெற, தேயிலைச் செடிகள் இருமருங்கும் வரிசை கட்டுகின்றன. கினிகத்தேனைச் சந்தியில் ஒரு பாதை நாவலப்பிட்டிக்குப் பிரிகிறது. நெடுஞ்சாலை அட்டனை நோக்கி ஏறுகிறது. நோட்டன் பிரிட்ஜுக்குச் செல்லும் மலைப்பாதை அணைகளையும் மின்நிலையங்களையும் நாடிப் போகிறது.

இப்பிரதேசத்தில் எங்கு திரும்பினும் ஏதேனும் ஒன்று சுழன்றுகொண்டிருப்பதைக் காணலாம். தேயிலை ‘ஸ்டோரில்’ வாடிய கொழுந்தை உருளை யந்திரம் வட்டமாகச் சுழற்றிப் பிசைகிறது. மலையருவியின் வேகத்தில் மின்நிலையத்துச் சக்கரம் சுழல்கிறது. லயத்து அடுப்படியில் தயிர்ப் பானைக்குள் மத்துச் சுழல்கிறது. சுழற்சி எங்கும் உண்டு. ஆனால் அதை எண்ணுகிறவர் யார், அந்தக் கணக்கு யாருடைய கண்ணுக்குப் படுகிறது என்பதே ஆராயத்தக்க விஷயம். அதற்கு எடுத்துக்காட்டாக வெண்ணெய் கடையும் பீப்பாயில் பூட்டப்படும் சுற்றெண்ணி என்னும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம்.

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒன்றிரண்டு மாடுகள் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அதிகாலையில் கறந்த பாலைக் கொள்கலத்தில் ஏந்திச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அளவு மாத்திரம் பார்ப்பதில்லை. பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதையும் சோதித்தே விலை கொடுக்கிறார்கள். அந்தக் கொழுப்புத்தான் திரண்டால் வெண்ணெய். பழைய துரைமார் பங்களாக்களிலும் மாடு வளர்த்து வெண்ணெய் எடுக்கும் வழக்கம் இருந்தது.

நம் வீட்டு மத்தைப் பாருங்கள். கயிற்றின் ஒரு நுனியை இழுக்க மத்து வலப்பக்கம் சுழல்கிறது. மறுநுனியை இழுக்க இடப்பக்கம் சுழல்கிறது. போன சுற்றும் திரும்பிய சுற்றும் ஒன்றையொன்று கழித்துவிட, கணக்கில் மிஞ்சுவது பூச்சியம். ஆனால் பானையில் மிஞ்சுவதோ உருண்டை வெண்ணெய்! அம்மா சுற்றை எண்ணுவதில்லை. கயிற்றின் கனம் கைக்குத் தெரிகிறது. மோரின் சலசலப்பு மாறுவது காதுக்குத் தெரிகிறது. விடியலின் குளிர்ச்சியில் கடைவதும் காரணமற்ற வழக்கமன்று. வெப்பம் ஏறினால் வெண்ணெய் இளகிக் குழைந்துவிடும்.

மேனாட்டுப் பால்பண்ணைகளில் மத்துக்குப் பதிலாக மரப் பீப்பாயில் பாலாடையை ஊற்றி, மூடியை இறுக்கிக் கைப்பிடியால் சுழற்றினார்கள். பீப்பாயை நிரம்ப நிரப்பலாகாது. பாதிக்கு மேல் போனால் ஆடை விழுந்து மோத இடமிராது. ஒவ்வொரு சுற்றிலும் அது மேலேறிக் கீழே விழுந்து மோதவேண்டும். அம்மோதலில் கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு சிதைந்து, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மணிகளாகத் திரளுகின்றன. மூடியிலுள்ள சிறு கண்ணாடியில் அதுவரை மங்கலாகப் படிந்திருந்த ஆடை விலகித் தெளிந்தால் வெண்ணெய் பிரிந்துவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. விரைவில் முடிக்கும் ஆசையால் பீப்பாயை மிக வேகமாகச் சுழற்றினால் என்ன நேரும்? நீர் நிறைந்த செம்பைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே வேகமாகச் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை என்பதை மாணவர்கள் அறிவார்கள். அதுபோலவே ஆடையும் பீப்பாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுழலும். விழுதலும் இல்லை, மோதலும் இல்லை. கை வலித்ததே மிச்சம். பீப்பாயின் குறுக்களவு அரை மீட்டரானால் இந்நிலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சுற்றில் வந்துவிடும். ஒரு மீட்டரானால் 42 சுற்றிலேயே வரும். பெரிய பீப்பாய்க்கு மெதுவான கை வேண்டும். எனவே எத்தனை சுற்று என்று அறிவது பொழுதுபோக்கன்று. வெண்ணெய் திரளுவதும் திரளாததும் அதில் இருக்கின்றன.

சுற்றெண்ணியின் அமைப்பு எளிது. பீப்பாயின் அச்சிலுள்ள சிறு முளை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஒரு நெம்பை அசைக்கும். நெம்பு ஒரு பற்சக்கரத்தை ஒரு பல் தூரம் தள்ளும். சக்கரம் பின்னோக்கிச் சரியாதபடி ஒரு சிறு கொக்கி தடுத்துநிற்கும். பத்துப் பல் நகர்ந்ததும் அச்சக்கரம் பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். அது பத்தானால் அடுத்தது நகரும். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று நாம் பள்ளியில் கற்ற எண்ணிடங்கள் இங்கே பித்தளைப் பற்களாகப் பேசுகின்றன. நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் அரைமணி நேரம் கடைந்தால் எண்ணி 1500ஐக் காட்டும்.

அவ்வெண்ணுக்குப் பயன் என்ன? கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் வேகம் தெரியும். நாளுக்கு நாள் எழுதிவைத்தால் பாலாடையின் நிலை தெரியும். வழக்கமாக 1500 சுற்றில் திரளும் வெண்ணெய் ஒருநாள் 700இல் திரண்டால் மகிழ்வதற்கில்லை. ஆடை வெப்பமாக இருந்தது, வெண்ணெய் இளகியிருக்கும், கொழுப்பின் ஒரு பகுதி மோரோடு போயிருக்கும் என்று அந்த எண் எச்சரிக்கிறது. 3000 ஆகியும் திரளாவிட்டால் ஆடை மிகக் குளிர்ந்திருக்கலாம், அல்லது கொழுப்பு குறைந்திருக்கலாம். பொதுவாக 10 முதல் 14 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்த ஆடையே கடைவதற்கு ஏற்றது. நுவரெலியாவின் இரவுக் குளிர் இதற்குத் துணைசெய்யும். அதனினும் தாழ்ந்த கினிகத்தேனையிலோ ஆடையைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றவேண்டும்.

பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் கை யந்திரங்கள் சிலவற்றில் இன்னுமோர் உபாயம் இருந்தது. கைப்பிடியில் ஒரு சிறு மணி. வேகம் போதாதவரை அது ஒலித்துக்கொண்டேயிருக்கும். உரிய வேகம் வந்ததும் மௌனமாகிவிடும். வேலை செய்கிறவருக்கே அளவு தெரியவேண்டும் என்னும் நல்லெண்ணம் அதில் விளங்குகிறது.

சுற்றை எண்ணும் எண்ணம் புதியதன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியச் சிற்பி விட்ருவியஸ், வண்டிச் சக்கரம் 400 முறை சுழன்றால் ஒரு மைல் என்று கணக்கிட்டு, மைலுக்கு ஒரு கல் பெட்டிக்குள் விழும்படி அமைந்த கருவியை விவரித்திருக்கிறார். அமெரிக்காவின் ஹார்ட்பர்ட் நகரில் கர்ட்டிஸ் வீடர் என்பவர் 1895இல் சைக்கிள் சக்கரத்துக்கென ஓர் எண்ணி செய்தார். அவ்வகை எண்ணிகளே பின்னர் தொழிற்சாலை யந்திரங்களில் ஏறின.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வரலாறு சிந்திக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட்டும் அவர் கூட்டாளி போல்ட்டனும் இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களில் நீராவி யந்திரங்களை நிறுவினார்கள். பழைய யந்திரத்தைவிட மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கு தங்களுக்கு என்பது ஒப்பந்தம். மிச்சத்தைக் கணக்கிட யந்திரம் எத்தனை முறை அசைந்தது என்று தெரியவேண்டும். ஆகவே அசைவை எண்ணும் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி யந்திரத்தில் பொருத்தினார்கள்.

வெண்ணெய்ப் பீப்பாயின் எண்ணி திறந்த முகத்தோடு, சுற்றுகிறவரின் எதிரிலேயே இருக்கிறது. வாட்டின் எண்ணியோ பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. முன்னது வேலைக்கு வழிகாட்டி. பின்னது நம்பிக்கையில்லாத இருவருக்கிடையே நின்ற சாட்சி. கருவி ஒன்றே; வைத்த இடத்தால் அதன் குணம் மாறிவிட்டது.

இந்த வேற்றுமை கினிகத்தேனைச் சுற்றுப்புறத் தோட்டங்களில் வாழ்வோருக்கு விளங்காததன்று. காலைப் பிரட்டில் பெயர் பதிந்து மலைக்குப் போகும் பெண், கொழுந்தைத் தராசுக்குக் கொண்டுவருகிறாள். குறித்த அளவு கொழுந்து இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளத்துக்கே ‘பேர்’ என்று பெயர் வழங்கும் இடம் இது. தன் பேர் பாதியாவது எத்தகைய சொல் என்பதை எண்ணிப் பாருங்கள்! மழைநாளில் நனைந்த கொழுந்துக்கு நீர்க்கழிவு, கூடைக்கு ஒரு கழிவு என்று நிறை குறைக்கப்படுவதும் உண்டு. மழை ஓயாத சரிவிலே நீர்க்கழிவு சிறு விஷயமன்று. தராசின் முள் யார் பக்கம் திரும்பியிருக்கிறது, கொழுந்து கொண்டுவந்தவர் அதைப் படிக்க முடிகிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசி அடங்கியிருக்கிறது.

இனி நோட்டன் பிரிட்ஜ் பாதையில் செல்வோம். இவ்வட்டாரத்தில் கெஹெல்கமு ஓயா 98 மீட்டர் உயரத்திலிருந்து அபர்டீன் நீர்வீழ்ச்சியாகக் குதிக்கிறது. இந்த ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடியே களனி கங்கை உருவாகிறது. இம்மலைநீரால் நாட்டுக்கு மின்சாரம் தரலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஓர் ஆய்வுரையில் எடுத்துக்காட்டினார். அவர் கனவு நனவாக நெடுங்காலம் சென்றது. லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1953இல் விமலசுரேந்திர காலமானார். 1965இல் இயங்கத் தொடங்கிய மற்றொரு நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆற்று நீர் சக்கரத்தைச் சுழற்ற, மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்கு ஓடிற்று. ஆனால் அந்த நீர் பிறக்கும் மலைகளிலேயே எத்தனையோ லயங்களில் அதன்பின்னும் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தோட்டத்து ஸ்டோரில் யந்திரம் மின்சாரத்தால் ஓட, அதன் அருகிலுள்ள லயத்தில் பிள்ளைகள் புகை மண்டிய சிமினி விளக்கின் கீழ்ப் பாடம் படித்த காலம் மலைநாட்டார் நினைவில் இன்னும் இருக்கிறது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றும் எங்கோ ஓரிடத்தில் பதிவாயிற்று. அந்தப் பிள்ளைகளின் இரவுகளோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

லயத்துக்கு மின்சாரம் வந்தபோது கூடவே மின்மானியும் வந்தது. மாணவர்களே, பழைய வகை மின்மானி உங்கள் வீட்டில் இருந்தால், அதன் கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள். ஓர் அலுமினியத் தட்டு மெல்லச் சுழலும். அதன் விளிம்பில் ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும். தட்டின் அச்சிலிருந்து பற்சக்கரங்கள் எண்களைத் தள்ளுகின்றன. வெண்ணெய்ப் பீப்பாயில் பூட்டிய சுற்றெண்ணியின் உடன்பிறப்பே இது. ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை சுற்று என்பதும் முகப்பில் எழுதியிருக்கும். உதாரணமாக 600 சுற்று என்றிருந்து, தட்டு ஒருமுறை சுற்றி வர ஒரு நிமிடம் ஆனால், அவ்வேளையில் வீட்டில் 100 வாற்று மின்சாரம் செலவாகிறது. ஒரு விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். தட்டின் நடை தளர்வது கண்ணுக்கே தெரியும். மாத முடிவில் வரும் கட்டணச் சீட்டை அப்பா படிக்கும்போது, அதிலுள்ள எண் எவ்வாறு பிறந்தது என்று நீங்களே அவருக்கு விளக்கலாம்.

இப்பழக்கம் மின்மானியோடு நின்றுவிடவேண்டியதில்லை. பால் நிலையத்தில் கொழுப்பளவை எழுதும்போது அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்க்கலாம். சம்பளச் சீட்டில் பேர் எத்தனை என்று கூட்டிப் பார்க்கலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலிருக்கும்போது எந்தக் கணக்கும் பூட்டிய பெட்டியாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

கினிகத்தேனையில் மழை விடும் வேளையில் எதிர்ச்சரிவின் செடிகளிடையே கூடை சுமந்தவர்களின் வரிசை தெரியும். அவர்கள் நிறுவைக்கு இறங்கி வருகிறார்கள். அவர்கள் கூடை ஏறும் தராசும் வெண்ணெய்ப் பீப்பாயின் எண்ணியைப் போல உழைத்தவரை நோக்கி முகம் திருப்பியிருக்கவேண்டும்.