தொப்பிப் பக்கம் நின்று கேளுங்கள்

"கையில விஷயம் இருக்கு" என்பார் ஒருவர். "என்ன விஷயம்? சும்மா படம் காட்டுறான்" என்பார் பக்கத்தில் நிற்பவர். அரியலூர், பெரம்பலூர் பக்கத்துத் திருவிழாக்களில் வாசித்து முடித்துத் தோளிலிருந்து தவில் நாடாவைக் கழற்றும்போது காதில் விழுகிற பேச்சு பெரும்பாலும் இதுதான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் தேராக இருக்கட்டும், கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலாக இருக்கட்டும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். டீக்கடையில் அந்த வாதம் விடிய விடிய நடக்கும். நான் இரண்டு கட்சியிலும் சேராதவன். வித்தை ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று பிரிக்கிற கணக்கே தவிலுக்கு ஒத்துவராது என்பது, இந்தத் தொழிலில் தலை நரைத்துப்போன எனக்குத் தோன்றுவது.

தவில் தெருவில் வளர்ந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும். புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி தொடங்குவதற்கு முன் முதலில் பேசுவது தவில்தான். அலாரிப்பு வாசித்து, ஊருக்கெல்லாம் சுவாமி கிளம்பிவிட்டார் என்று சொன்ன பிறகே நாகஸ்வரம் கம்பீர நாட்டையை எடுக்கும். பாட்டு வரி எதுவும் கிடையாது. காலம் மாறி மாறி வருகிற அந்தச் சொற்கட்டுதான் எல்லாம். கூட்டத்தின் கடைசியில் தோள்மேல் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். அங்கே நிமிர்ந்து, கழுத்தில் கனத்தைத் தாங்கி, காலை அகட்டி நின்று அடிக்கிறவன் சிலை மாதிரி இருக்க முடியாது. உடம்பு அசைந்தால்தான் தொப்பியில், அதாவது குச்சியால் அடிக்கிற இடது முகத்தில், அடி விழும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. இரண்டு தவில், இரண்டு நாகஸ்வரம், தாளம் என்று சேர்ந்துவிட்டால் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது. கோர்வை முடியப்போகிறது, அடுத்த ஆவர்த்தனம் உனக்கு, கொஞ்சம் இறக்கி வா என்பதையெல்லாம் வாயால் சொல்ல வழியில்லை. குச்சியைச் சற்றே தூக்குவது, தாடையை ஆட்டுவது, புருவத்தை ஏற்றுவது, சிரிப்பது எல்லாம் எங்களுக்குள் ஓடுகிற தபால். தனி வாசிக்கும்போது நான் எதிரில் இருக்கிற தவிலைப் பார்த்துக் குச்சியை உயர்த்தினால், "பார், எப்படிக் காட்டுகிறான்" என்று கூட்டம் கைதட்டும். நான் அவருக்குச் சொன்னது, மூன்றாவது தீர்மானத்தில் இறங்குகிறேன், சேர்ந்து விழுங்கள் என்பது. கைதட்டினால் எனக்கும் சந்தோஷம்தான். அதை மறைப்பானேன்?

வித்தையா, ஆட்டமா என்கிற இந்த வழக்கு தமிழ்நாட்டில் மிகப் பெரிதாக நடந்தது வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதனை வைத்து. 1935-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர். பன்னிரண்டு வயதிலேயே மேடையேறி, அரியக்குடி, செம்மங்குடி போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். பிறகு பக்கவாத்தியத்தை விட்டுத் தனி வயலினாகக் கிளம்பினார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் பெரிய குங்குமம், பட்டுச் சட்டை, வாசிக்கும்போதே கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. கீர்த்தனையும் வரும், சினிமாப் பாட்டும் வரும். வயலினிலேயே மற்ற சத்தங்களையும் கொண்டுவருவார். சபாவில் பழகிய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கோயில் திடலில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போக மறுத்தார்கள்.

எங்கள் தொழில்காரர்களுக்கு அவர் செய்த பெரிய காரியம் பக்கத்தில் தவிலை உட்காரவைத்ததுதான். வயலின் கச்சேரி என்றால் மிருதங்கம் என்பது வழக்கம். அவர் வலையப்பட்டி ஏ. ஆர். சுப்பிரமணியத்தைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். குன்னக்குடி–வலையப்பட்டி என்று ஒரே பெயராகவே ஜனங்கள் சொன்னார்கள். இது எவ்வளவு கடினமான சேர்க்கை என்பது தவில் பிடித்தவனுக்குத்தான் தெரியும். வலது கை விரல்களில் நாங்கள் போட்டுக்கொள்கிற கூடு, துணியும் பசையும் இறுகிக் கல்லாகிப்போனது. திறந்தவெளியில் நாகஸ்வரத்துக்கு ஈடு கொடுக்க அது வேண்டும். அதே கூட்டோடு நான்கு கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், மைக் எவ்வளவு வைத்தாலும் வயலின் காணாமல் போய்விடும். அடியை அடக்க வேண்டும். ஆனால் அடக்கிய அடியிலும் சொல் தெளிவாக இருக்க வேண்டும். வலையப்பட்டி அதைச் செய்தார். வேகமாக வாசிக்கிற தவில்காரர்கள் நிறையப் பேர். மெதுவாக, சொல் சொல்லாக, ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்கிற மாதிரி அடங்கி வாசிக்கிறவர்கள் மிகக் குறைவு. 2009-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தபோது எங்கள் ஊர்களில் மேளக்காரர் வீடுகளில் அது சொந்த வீட்டு விசேஷம்.

குன்னக்குடி விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்தங்களை நகல் எடுக்கிற இடம் எனக்கு ஒட்டியதில்லை. கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டும். நான் அந்த இடம் கடந்து போகட்டும் என்று காத்திருப்பேன். ஆனால் ஒலிநாடாவைப் போட்டுக் கேளுங்கள். ஒலிநாடாவில் நெற்றி தெரியாது, சிரிப்பு தெரியாது, பட்டுச் சட்டை தெரியாது. ஒரே கம்பியில் விரலை இழுத்துக்கொண்டே மேலே போவார்; நாகஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிற அதே குழைவு. போய் நிற்கிற இடம் சுருதியில் சுத்தமாக இருக்கும். ஷோ மட்டும் தெரிந்தவரால் இது முடியாது. அதே ஒலிநாடாவில், அவர் ஒரு சங்கதியை நிறுத்தியதும் தவில் எடுக்கிற இடத்தைக் கவனியுங்கள். கண்ணால் ஏதோ சொல்லியிருக்கிறார் என்பது காதுக்கே தெரியும். அந்த எடுப்பு அவ்வளவு துல்லியமாக விழும். திடலில் இருந்தவர்கள் ஆட்டம் என்று பார்த்ததில் பாதி, தவிலுக்குப் போன செய்தி.

இதெல்லாம் குன்னக்குடியோடு தொடங்கியதும் இல்லை. டி. என். ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்து, கோட்டுப் போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அந்தக் காலத்தில் அது பெரிய ஆர்ப்பாட்டமாகத் தெரிந்தது. நாகஸ்வரக்காரனுக்கும் மேடையில் இடம் உண்டு என்று சொல்ல அவர் எடுத்த வழி அது. இன்றைக்கு யாரும் அவர் கோட்டைப் பற்றி வாதம் செய்வதில்லை. அவர் வாசித்த தோடி ராகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிப் பேசாத தவில் வீடு கிடையாது.

என் அண்ணன் மகன் கைபேசியில் ஓர் அமெரிக்கரைக் காட்டினான். ராபர்ட் ராண்டால்ஃப் என்று பெயர், பெடல் ஸ்டீல் கிடார் வாசிப்பவர். பெடல் ஸ்டீல் கிடார் என்பது கம்பிகளைக் கட்டைமேல் படுக்கவைத்து, மேலே ஓர் இரும்புத் துண்டை நகர்த்தி, காலாலும் முழங்காலாலும் சுருதியை மாற்றி வாசிப்பது. உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். இவர் வாசித்துக்கொண்டே இருக்கையை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து ஆடுகிறார். "சித்தப்பா, இவர் பெரிய வித்வானா, இல்ல சும்மா ஆட்டமான்னு அங்கயும் சண்டை போடுறாங்க" என்றான். 2003-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை நூறு சிறந்த கிடார் கலைஞர்கள் என்று போட்ட பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அவர் வந்த இடம். கறுப்பின மக்களின் 'ஹவுஸ் ஆஃப் காட்' என்கிற சர்ச்சில் 1930-களிலிருந்தே ஸ்டீல் கிடார்தான் வழிபாட்டு வாத்தியம். போதகர் பேச்சு ஏற ஏறக் கிடாரும் ஏறும். சபை எழுந்து ஆடும். எழுப்புவதுதான் அங்கே வாசிக்கிறவருக்கு இட்ட வேலை. அந்தப் படத்தை முழுதும் பார்த்தபோது எனக்குத் திருமழபாடி நந்தி திருக்கல்யாணம் ஞாபகம் வந்தது. கொள்ளிடத்தைத் தாண்டித் திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை நந்தி வந்து இறங்குகிற நேரத்தில் எந்தத் தவில்காரனும் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக வாசிக்க மாட்டான். வாசித்தால் ஊர் மன்னிக்காது.

இதற்காக எல்லா ஆட்டத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது சில இளைஞர்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. நாகஸ்வரம் ராக ஆலாபனை செய்யும்போது, மூச்சு எடுக்கிற இடைவெளியில் தவில் நாலு சொல் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். ராகத்தின் குணம் கெடாமல் அந்த நாலு சொல்லை வைப்பதற்குத்தான் வருஷக்கணக்கில் சாதகம். அந்த இடைவெளியில் முழுத் தனியையே கொட்டிவிட்டு, குச்சியைச் சுழற்றிக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். நாகஸ்வரக்காரர் அடுத்த பிடியை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார். குச்சி சுழன்றதில் எனக்கு ஆட்சேபமில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் வாசித்ததுதான் குற்றம். அவர் ஆடாமல் அசையாமல் அதையே செய்திருந்தாலும் குற்றம்தான். அப்படிச் செய்கிற அடக்கமான வித்வான்களும் உண்டு. அவர்களை யாரும் படம் காட்டுகிறார் என்று சொல்வதில்லை.

இந்தக் கட்சிச் சண்டைக்கு இன்னொரு காரணத்தை நான் சொன்னால் பையன்கள் ஒப்புக்கொள்வதில்லை. இப்போது ரசிகர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் கைபேசியில் பார்த்த அரை நிமிஷத் துண்டுகளை வைத்து. தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலை இழுத்துக் கட்டியது, கணீரென்று பேசும். தொப்பி தளர்ந்தது, குச்சியால் அடித்தால் அடிவயிற்றில் கேட்கிற கனத்த நாதம். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்தக் கனம் வராது. வலது கையின் வேகம் மட்டும் பட்டாசு மாதிரி வந்து விழும். ஆகவே வலது கை வேகமாக ஓடுகிறவர் வித்வான் ஆகிவிடுகிறார். இடது கையில் நாதம் வைத்திருக்கிறவர் சாதாரணமாகத் தெரிகிறார். வாரால் இழுத்துக் கட்டிய தவில் போய், இரும்பு வளையமும் நட்டும் போட்ட தவில் வந்த பிறகு வலந்தலையை இன்னும் உச்சத்துக்கு ஏற்ற முடிகிறது. பனி விழும் ராத்திரியிலும் சுருதி இறங்காமல் நிற்பது பெரிய வசதி; நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஏற்றிய வலந்தலைக்குச் சமமாகத் தொப்பியைப் பேசவைக்க இடது கைக்கு இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். பழைய ஆட்கள் காலையில் பலகையில் குச்சியால் தட்டிக் கையைப் பழக்கிய நேரம் அங்கேதான் போயிற்று.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளை முதலில் தொப்பியில் மட்டும் தாளம் பிடிக்கச் சொல்கிறேன். வலது கை சும்மா இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும், அம்மாமார்கள் வந்து, "எப்பண்ணே கல்யாணத்துக்கு வாசிக்கும்?" என்று கேட்பார்கள். தொப்பி தனியாக நின்று பாட்டைத் தாங்கிய அன்றைக்கு வலது கையைத் திறந்துவிடுவேன். அப்புறம் ஆடட்டும், சிரிக்கட்டும், குச்சியைத் தூக்கட்டும். நான் தடுப்பதில்லை.

விழாக் கமிட்டியாரிடமும் ஒலிபெருக்கித் தம்பியிடமும் நான் கேட்பது ஒன்றுதான். தவிலுக்கு மைக் வைக்கும்போது வலந்தலைப் பக்கம் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தொப்பிப் பக்கமும் ஒன்று வையுங்கள், தம்பி. ரசிகர்களுக்கும் சொல்வேன்: தேர் நிலைக்கு வருவதற்கு முன், தவில்காரரின் இடது கைப் பக்கமாக வந்து கொஞ்ச தூரம் கூட நடந்து பாருங்கள். கேட்ட பிறகு கட்சி பிரிந்துகொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் அதே டீக்கடைக்குத்தான் நானும் வருவேன். யார் என்ன கேட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசலாம்.