கம்பளியின் வேலையும் பட்டின் குணமும்

இடுப்பிலிருந்து முழங்கால்வரை வரும், முன்புறம் தட்டையாகவும் பின்புறம் நெருக்கமான மடிப்புகளாகவும் அமைந்த ஸ்காட்லாந்து ஆணுடையே கில்ட். எடின்பரோவின் ராயல் மைல் தெருக் கடைகளில் ஆயத்தமாகத் தொங்கும் மலிவான கில்ட்டுகளைப் பார்த்துவிட்டு, அளவெடுத்துக் கையால் தைக்கும் ஒரு பட்டறைக்குள் நுழைபவருக்கு, இரண்டுக்கும் பெயர் மட்டுமே பொது என்பது விரைவிலேயே புலப்படும். அந்தக் கைத்தொழிலின் ஒவ்வொரு வழக்கமும் கம்பளியின் இயல்பை நம்பி உருவானது. ஆகவே வாடிக்கையாளர் ஒருவர் பட்டுத்துணியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது, கம்பளி இதுவரை சொல்லாமல் செய்துவந்த வேலைகள் எவையெவை என்பது ஒவ்வொன்றாக வெளிப்படுகிறது.

முழுமையான கில்ட்டுக்கு எட்டு கெஜம் துணி என்பது மரபு. டார்டன் எனப்படும் கட்டமிட்ட கம்பளித்துணி இரட்டை அகலத்தில் நெய்யப்படுவதால், நான்கு கெஜம் வாங்கி நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைத்தால் போதும்; இணைப்பு ஒரு மடிப்பின் உள்ளே மறைந்துவிடும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 44 அங்குல அகலப் பட்டில் இந்தச் சிக்கனம் நடவாது. ஒரு கில்ட்டின் உயரம் 24 அங்குலம் என்றால் இரண்டு துண்டுகளுக்கு 48 அங்குலம் வேண்டும்; நான்கு அங்குலக் குறைவால் எட்டு கெஜத்தையும் முழுதாக வாங்கவேண்டியதாகிறது, 20 அங்குல அகலத்தில் ஒரு நீண்ட துண்டு எஞ்சிக் கிடக்கிறது.

கில்ட்டின் உயிர் மடிப்பில் இருக்கிறது. புடவையின் கொசுவத்தைக் கட்டுபவர் தினமும் புதிதாக மடித்துச் செருகுகிறார். கில்ட்டின் மடிப்போ ஒருமுறை தைத்தால் காலமெல்லாம் அப்படியே நிற்கவேண்டியது. பிட்டச் சுற்றளவு 40 அங்குலமும் இடுப்பு 34 அங்குலமும் உள்ள ஒருவருக்கு, அவற்றில் ஏறத்தாழப் பாதியை, அதாவது கீழே 20 அங்குலத்தையும் மேலே 17 அங்குலத்தையும், பின்புற மடிப்புகள் மூடவேண்டும். மடிப்புகள் 27 என்று கொண்டால், ஒவ்வொன்றும் கீழே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, மேலே செல்லச்செல்ல அங்குலத்தில் பத்திலொரு பங்கு அளவே குறுகவேண்டும். மடிப்புகளின் விளிம்பைச் சேர்த்துத் தைக்கும் இந்த மேற்பகுதிக்கு ஃபெல் என்று பெயர். ஒவ்வொரு மடிப்பிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் கூட்டுப்பிழை ஒன்றரை அங்குலத்தைத் தாண்டிவிடும். அந்த உடையை உரியவர் அணிய முடியாது.

இந்த நுண்ணளவைக் கம்பளி டார்டனில் கட்டங்களே காத்துத் தருகின்றன. செட் என்பது கட்ட வடிவத்தின் ஒரு முழுச் சுற்று; மடிப்புக்கு ஒரு செட் என்று உள்ளே மடக்கினால், வெளியே தெரியும் பட்டைகள் சேர்ந்து முழுக் கட்டத்தையே மறுபடி காட்டும். நெய்யப்பட்ட கோடே தைப்பவருக்கு அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது. ஒற்றை நிறப் பட்டில் அப்படி ஒரு கோடும் இல்லை. சாக்குக்கட்டியால் குறித்தால் கறை தங்கும் அபாயம் உண்டு என்பதால், மெல்லிய பட்டுநூலால் மடிப்புக்கு மடிப்பு குறியிழை போட்டு, வேலை முடிந்தபின் அதை உருவி எடுக்கவேண்டும். தைப்பதைவிடக் குறிப்பதற்கே நேரம் பிடிக்கும் என்று சொன்னாலும் பெரிதாக மிகையாகாது.

அடுத்தது எடை. கனமான கில்ட் கம்பளி சதுர மீட்டருக்கு 330 கிராம் அளவில் இருக்கும். பட்டின் எடையை மாமி என்ற ஜப்பானிய அளவால் சொல்வர். ஒரு மாமி சதுர மீட்டருக்கு 4.34 கிராம், ஆகவே 19 மாமிப் பட்டு 82 கிராம்தான். நடக்கும்போது மடிப்புகள் விரிந்து, நின்றவுடன் தாமாக விழுந்து சேர்வதற்குக் காரணம் கம்பளியின் கனம். பட்டு மடிப்போ காற்றுக்குத் தூக்கும், சேரும்போது கோணும். பட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தியை முழுநீளமும் சேர்த்துத் தைத்தால் கனம் கூடும், ஆனால் ஃபெல் பகுதி மூட்டைபோல் தடிக்கும். இதற்கு மூத்த தலைமுறையின் வழியே பொருத்தமாகத் தோன்றுகிறது: பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தைக்கப்பட்ட கில்ட்டுகளில் துணி நான்கு கெஜம் அளவே, மடிப்புகளும் இருபுறமும் விரியும் பெட்டி மடிப்புகள். பட்டுக்கு அந்த அளவே போதும்.

கில்ட்டின் அடிவிளிம்பு மடித்துத் தைக்கப்படுவதில்லை என்பது பலரும் கவனியாத செய்தி. அதற்கென்றே உறுதியாக நெய்த கரையோரம் அங்கே வருகிறது. டூப்பியன் என்னும் பட்டில், அதாவது இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய கூட்டிலிருந்து எடுக்கும் திரட்சியான நூலால் நெய்த துணியில், கரையோரம் பெரும்பாலும் முரடாக இருக்கும். வெட்டிய ஓரமோ நூல் நூலாகப் பிரியும். மடித்துத் தைக்கவே வேண்டியிருக்கிறது, மடிப்புகளின் அடி தடிக்கிறது. ஆனால் ஒரு நன்மையும் உண்டு. கில்ட்டில் பாவு உடலைச் சுற்றியும் ஊடை மேலிருந்து கீழாகவும் வருவதால், ஊடையில் உள்ள திரட்சிகள் மடிப்புகளோடு இணையாக இறங்கிக் கண்ணுக்கு இதமாகின்றன.

இஸ்திரிப் பெட்டியைக் கம்பளியின்மேல் ஈரத்துணி விரித்து அழுத்தலாம். அதே நீர் பட்டில் தடமாக நின்றுவிடும். அமர்ந்து எழுந்த சுருக்கம் கம்பளியில் ஓரிரவு தொங்கவிட்டால் போகும், பட்டில் போகாது. ஒரே மடிப்பில் பல ஆண்டு வைத்த பட்டுப்புடவை அந்த மடிப்பிலேயே கிழிவதைக் கண்டவர்களுக்கு, நிரந்தர மடிப்பால் ஆன பட்டு உடையின் கதி விளங்கும்.

எனினும் பட்டு இந்த உடைக்கு அந்நியமன்று. 1822 ஆகஸ்டில் எடின்பரோ வந்த மன்னர் நான்காம் ஜார்ஜுக்காக வாங்கிய மலைநாட்டு உடைத்தொகுதியில் 61 கெஜம் சாட்டினும் 31 கெஜம் வெல்வெட்டும் இடம்பெற்றன. நம் காலத்தில், 1996இல் ஹோவி நிக்கல்ஸ்பி எடின்பரோவில் தொடங்கிய நிறுவனம் டெனிமிலும் தோலிலும் கில்ட் தைத்துக் காட்டியிருக்கிறது. பட்டில் முடியும் என்பதில் ஐயமில்லை; முடிந்த பின் என்ன என்பதே கேள்வி. கம்பளி கில்ட்டைப் பிரித்து அளவு மாற்றி அடுத்த தலைமுறை அணியலாம், பழைய ஊசித்துளைகள் ஆவியில் மூடிக்கொள்ளும். பட்டில் துளை மூடுவதில்லை. முதலில் எடுத்த அளவே அதற்குக் கடைசி அளவு.