அரிமளத்து ஜாடிகள்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் போலப் போனால் அரிமளம். வழியெல்லாம் செம்மண், தைல மரக்காடு. ஊருக்குள் நுழைந்தால் நகரத்தார் வீடுகள். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை! கோயில் விசேஷம், கல்யாணம் என்றால்தான் பல வீடுகளில் கதவு திறக்கும்.

எனக்கோ கொல்லைப்புறத்தின் மேல்தான் கண். பழைய பீங்கான் ஜாடி, பூந்தொட்டி சேர்ப்பது என் கிறுக்கு (என் வீட்டுக்காரர் வைத்த பெயர்!). நாற்பது, ஐம்பதுகளின் சாமான் என்றால் விட மாட்டேன்.

செட்டிநாட்டில் இத்தனை ஜாடி ஏன் என்று கேட்கிறீர்களா? பர்மாவில் மர்த்தபான் என்று ஒரு துறைமுகம். அந்த ஊர்ப் பெயரே பெரிய ஜாடிக்கும் பெயராகிவிட்டது. இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் எல்லாம் உப்பிட்டு நிரப்பிய மர்த்தபான் ஜாடிகளைப் பற்றி 14-ம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா எழுதியிருக்கிறார். பின்னாளில் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன செட்டியார்களோடு ஜாடியும் மங்குச் சாமானும் கப்பலேறி வந்தன. கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது அவற்றுக்கும் இடம் உண்டு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தான். 1963-ல் அங்கே வங்கிகள் அரசுடைமையாயின. பணம் போயிற்று. வீடுகள் பங்கு பிரிந்தன. சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

அரிமளத்தில் ஓர் ஆச்சி தன் ஜாடியைக் காட்டினார். தேன் நிறம், பாதி இடுப்பு உயரம். உள்ளே நார்த்தங்காய்!

"எங்க அயித்தை காலத்துச் சாமான் ஆத்தா. இதுல போட்டாத்தான் ஊறுகா கெடாது. பேத்திக்கு இதுன்னா உசிரு."

எட்டிப் பார்த்தேன். உள்மெருகு முழுக்கச் சிலந்தி வலை போல வெடிப்பு. எனக்குப் பகீரென்றது. அந்நாளில் மெருகு பளபளக்கக் காரீயம் சேர்ப்பது உண்டு. (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) எல்லா ஜாடியிலும் காரீயம் இருக்குமென்று இல்லை. ஆனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதே! புளிப்பும் உப்பும் மாதக்கணக்கில் ஊறினால் அது ஊறுகாயில் இறங்கும். வளரும் குழந்தையின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

சொன்னேன். ஆச்சிக்கு மனசில்லை. "அப்ப தூக்கிப் போடவா?" என்றார், கோபமாக.

"செடி வைங்க ஆச்சி!"

அதற்கும் ஒரு முறை இருக்கிறது, சகோதரிகளே. ஜாடியில் துளை போடாதீர்கள்; விரிசல் விடும். அடியில் ஓட்டாஞ்சில்லு பரப்பி, சின்னத் தொட்டியில் செடியை வைத்து உள்ளே இறக்குங்கள். குரோட்டன்ஸ், மணி பிளான்ட் நல்லது. துளசி, புதினா வேண்டாம், பறித்து வாயில் போடுவோமே! அடியில் தங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு குடிவந்துவிடும்.

வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் முழுசு. 'டப்' என்றால் எங்கோ கீறல், பாதி விலைக்குக் கேளுங்கள்!

ஆச்சி நார்த்தங்காயைக் கொட்டிவிட்டு, ஜாடியை முற்றத்துத் தூணோரம் உருட்டச் சொன்னார். பேத்திதான் பிடித்துக்கொண்டாள். விலைக்குக் கேட்டுப் பார்த்தேன், தரமாட்டேன் என்றுவிட்டார்.