கையும் கோலும்

வடசென்னையில் பிறந்து வளர்ந்தோர்க்கு இரும்பின் ஓசை தாலாட்டுப் போன்றது. தென்னகத்தின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856இல் புறப்பட்ட இடம் எம் இராயபுரம். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும், எண்ணூர் நெடுஞ்சாலையின் சரக்குந்துகளும், காலைதோறும் ஆலைச் சங்குகளும் எழுப்பும் ஒலிகளுக்கிடையேதான் நாம் பாடம் படித்தோம். அவ்விரும்பே ஒருவர் கையிலிருந்து இசையைப் பறித்ததையும், பின்னர் அவ்விரும்பே அதைத் திருப்பித் தந்ததையும் நாம் அருகிருந்து கண்டோம். அதனை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்வது நம் விருப்பம்.

கல்லூரி மலரில் இசைக்கருவி பற்றிய பேச்சு எதற்கு என்று பெரியோர் சிலர் ஐயுறலாம். இது இசையைப் பற்றியது என்பதினும், உழைக்கும் கையைப் பற்றியது என்று கொண்டு பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

அப்போது நாம் திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகே குடியிருந்த இளங்கலை மாணவர். எதிர்வீட்டு அண்ணன் ஒரு சிறு பட்டறையில் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். மாலை வேளைகளில் மொட்டை மாடியில் அமர்ந்து கித்தார் வாசிப்பார். ஒருநாள் இரவுப் பணியில் அவரது இடக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முதற்கணுவோடு போயின. இழப்பீடு கிடைத்தது, வேறு வேலையும் கிடைத்தது. ஆனால் நரம்பை அழுத்திச் சுரம் பிடிக்க விரல் நுனிகள் இல்லை. கித்தார் பரணேறியது. அதன்பின் தெருவில் நடக்கும்போதும் அவர் இடக்கை சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, கப்பலில் பணிபுரிந்த அவர் மைத்துனர் ஓர் ஒலிநாடாவைக் கொணர்ந்தார். அதில் ஒலித்தது ரெசனேட்டர் கித்தார். தகரத்தில் மழை விழுவது போன்ற கூர்மையும், மனிதக் குரல்போல இழையும் குழைவும் ஒருங்கே அமைந்த நாதம். “தம்பி, இவன் நரம்பை அழுத்தவே இல்ல பாரு. மேலே எதையோ வெச்சு இழுக்கறான்” என்றார் அண்ணன். அன்று அவர் கண்ணில் கண்ட ஒளியை நாம் மறக்கவில்லை.

அழுத்தாமல் இழைத்து வாசிக்கும் முறை நம் மண்ணுக்கு அயலானதன்று. கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணையில் மெட்டுகள் இல்லை. வன்மரத் துண்டொன்றை நரம்புகளின் மேல் நகர்த்தியே இராகம் பிறக்கிறது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் முதலியோர் அக்கருவிக்குப் புகழ் சேர்த்தனர். வடநாட்டில் விசித்திர வீணையைக் கண்ணாடிக் குண்டினால் இழைத்துப் பெயர் பெற்றவர் பாட்டியாலாவின் உஸ்தாத் அப்துல் அஜீஸ் கான். கடல் கடந்த ஹவாய்த் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்னும் இளைஞர் கித்தாரின் மேல் இரும்புத் துண்டை ஓட்டிப் புதுமுறை கண்டார். இருப்புப்பாதை ஓரமாக நடந்தபோது கிடைத்த ஓர் ஆணியே அதற்குத் தூண்டுதல் என்று கதை வழங்குகிறது. நம் நாட்டின் விசுவமோகன் பட் தம் மோகன வீணையில் இம்முறையைக் கையாண்டு, 1994இல் அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் கிராமி விருது பெற்றதும் நினைக்கத் தக்கது.

விரல் இழந்தும் இசையை இழக்காதவர் உண்டு. 1928இல் தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட், எஞ்சிய விரல்களைக் கொண்டே ஐரோப்பாவின் தலைசிறந்த கித்தார்க் கலைஞரானார். பர்மிங்காமின் தகட்டு ஆலையில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, உருக்கிய நெகிழியால் தொப்பி செய்து விரல்களில் அணிந்து வாசித்தார். இவர்களை நாம் பின்னாளில் அறிந்தோம். அன்று எமக்குத் தெரிந்தவை அண்ணனின் கையும் ஓர் ஒலிநாடாவும் மட்டுமே.

ரெசனேட்டர் கித்தாரை 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜான் டோப்யேரா. ஒலிபெருக்கி இல்லாமலே கித்தாரின் ஓசை அரங்கில் எட்ட வேண்டும் என்பது நோக்கம். நரம்புகளைத் தாங்கும் பாலத்தின் கீழே மெல்லிய அலுமினியக் கூம்பு இருக்கும். நரம்பின் அதிர்வு கூம்புக்குப் பாய்ந்து, காற்றில் உடனே பரவுகிறது. ஆகவே ஒலி சட்டென்று எழுந்து, விரைவில் அடங்கும். அத்தகைய கருவி அண்ணனின் வருவாய்க்கு எட்டாதது. பரணிலிருந்த மரக் கித்தாரின் நரம்புகளை, கழுத்தின் தலைப்பில் உயரமான உலோகத் தாங்கி வைத்துத் தூக்கினோம். எஞ்சியது, இழைக்கும் துண்டு. இசைஞர் அதனைப் ‘பார்’ என்பர்.

முதலில் ஒரு கண்ணாடிப் புட்டியின் கழுத்தை அறுத்துத் தேய்த்தோம். ஓசை மென்மையாக இருந்தது. ஆனால் எடை போதாமல் நரம்புகள் அதன்கீழ்ச் சடசடத்தன. அடுத்துப் பழைய பேரிங் ஒன்றின் உருளையை எடுத்தோம். மின்னல்போன்ற ஒலி! எனினும் ஆறு நரம்புகளையும் மூடும் நீளம் அதற்கில்லை. அன்றியும் ஒரே மாதத்தில் கடற்காற்று அதன்மேல் துருப்புள்ளிகளை இட்டது. புள்ளி விழுந்த பார், நரம்பின்மேல் நகரும்போதெல்லாம் கரகரக்கும். மூன்றாவதாக, 22 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய பித்தளை உருளையைக் கடைந்து வாங்கினோம். எடை ஏறத்தாழ 250 கிராம். ஒருமுறை மீட்டினால் நாதம் நெடுநேரம் நின்றது.

பார்தான் நரம்பின் புதிய எல்லை. எல்லை கனமாக இருந்தால் அது அசையாது. அதிர்வு வீணாகாமல் நரம்பிலேயே நீடிக்கும். கடினமும் வழுவழுப்பும் மிக்க பரப்பு ஒலியைக் கூர்மையாக்கும். மரம் போன்றவை அதனை மட்டுப்படுத்தும். இவ்வுண்மைகளை நாம் நூலில் படிக்குமுன் செவியால் கற்றோம்.

பித்தளை உருளையால் எமக்கு மகிழ்ச்சி. அண்ணனுக்கு இல்லை. “ஓசை நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா கையில நிக்கமாட்டேங்குது” என்றார். அறுபட்ட விரல்களின் வழவழப்பான முனைகளிலிருந்து அக்கனத்த உருளை நழுவி நழுவி விழுந்தது. மூன்றாம் முறை தரையில் உருண்டபோது, அவர் அதனை எடுக்கவில்லை. கை மீண்டும் சட்டைப் பைக்குள் போயிற்று. நாம் இதுவரை செவிக்கு ஏற்றதையே தேடினோம். கையைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, விசைப்படகுகளின் தண்டுகளைக் கடையும் லேத்துப் பட்டறை ஒன்று இருந்தது. அண்ணனை வற்புறுத்தி அங்கே அழைத்துச் சென்றோம். பட்டறைக்கார பாய் பாரின் அளவைக் கேட்கவில்லை. “மொதல்ல கையக் காட்டுங்கண்ணே” என்றார். பலர் நடுவே அண்ணன் தம் இடக்கையை நீட்டியது, நாம் அறிந்தவரை, அதுவே முதல் தடவை. பாய் ஒரு மரக்குச்சியில், படகு ஓட்டையை அடைக்கும் மக்கைச் சுற்றி, “இதை இறுக்கிப் புடிங்க” என்றார். பெருவிரலும் இரு குறைவிரல்களும் பதிந்த மூன்று குழிகள் அதில் தெளிவாக விழுந்தன.

அக்குழிகளே வரைபடம் ஆயின. படகுத் தண்டில் மிஞ்சிய துருப்பிடிக்காத எஃகை 19 மில்லிமீட்டர் விட்டமாகவும் 75 மில்லிமீட்டர் நீளமாகவும் கடைந்தார். லேத்து நீளவாக்கில் பள்ளம் வெட்டாது. ஆதலின் ஷேப்பர் இயந்திரத்தில் ஏற்றி இருபக்கமும் மேற்புறமும் மூன்று பள்ளங்கள் இட்டார். நரம்பைத் தொடும் அடிப்புறத்தை மட்டும் உருண்டையாகவே விட்டு, எமரித் தாளால் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகிட்டார். 165 கிராம் இருந்த உருளை, பள்ளங்களுக்குப் பின் ஏறத்தாழ 130 கிராமாயிற்று.

வியப்பு யாதெனில், ரெசனேட்டர் கித்தார் வாசிப்போர் பலரும் விரும்புவது இத்தகைய பள்ளமுள்ள பாரையே என்பதைப் பல்லாண்டுகள் கழித்து அறிந்தோம். அதனை நரம்பிலிருந்து சட்டெனத் தூக்கலாம், வைக்கலாம். துள்ளும் ஒலிகள் அதனாற் பிறக்கும். கனத்த உருண்டைப் பார் நெடிதுயர்ந்து பாடும். பள்ளப் பார் பேசும். குறையுள்ள கைக்காக நாம் செய்தது, நிறைவான கைகளும் தேர்ந்தெடுத்ததாகவே இருந்தது!

பார் ஒன்றினால் அலுமினியக் கூம்பு முளைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வலக்கை விரல்களில் உலோக நகங்களை அணிந்து, பாலத்திற்கு அருகே மீட்டினார் அண்ணன். பாருக்குப் பின்னால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் நரம்பைத் தொட்டபடி தொடர, வேண்டாத முழக்கம் அடங்கிற்று. இவை யாவும் கூடியபோது ஒலிநாடாவின் நாதத்திற்கு உடன்பிறப்பு அன்றாயினும், அண்டைவீட்டார் எனத்தக்க ஒரு நாதம் அம்மரப்பெட்டியிலிருந்து எழுந்தது.

அவ்வாண்டு எங்கள் தெருவில் நடந்த ஒரு திருமண வீட்டின் முன்னிரவில் அண்ணன் வாசித்தார். சிறுவர்கள் சுற்றி நின்று அவர் கையையே உற்றுப் பார்த்தனர். அவர் மறைக்கவில்லை. “அது என்னண்ணே கையில?” என்று ஒரு சிறுவன் கேட்டான். அவன் கேட்டது விரலையன்று, பாரை.

மாணவச் செல்வங்களே, கருவியைத் தேர்வோர் விலையையும் பெயரையும் பார்ப்பர். சற்றே தேர்ந்தோர் ஓசையைப் பார்ப்பர். காசிமேட்டுப் பட்டறைக்காரர் பிடிக்கும் கையை முதலில் பார்த்தார். நாளை நீங்கள் ஆசிரியராகலாம், பொறியாளராகலாம், மருத்துவராகலாம். எவருக்கேனும் எதையேனும் செய்து தருமுன், “மொதல்ல கையக் காட்டுங்க” என்று கேட்கும் பண்பு உங்களுக்கு வாய்க்குமாயின், நீங்கள் கற்ற கல்வி பயன் தந்தது என்போம்.