எல்லைப் பனை

லெந்து காலம் வந்தால் எங்கள் ஊரில் பதநீரும் வந்துவிடும். இடையன்குடிக்குப் பக்கத்தில், கால் வைத்தால் சுடுகிற செம்மணல் தேரிக்காடு. விடியுமுன்னே தாத்தா பனையேறப் போய்விடுவார். சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறங்கும் பதநீரை அத்தையும் நானும் விடிலிக்குச் சுமந்து வருவோம். விடிலி என்பது ஓலைக் குடிசைதான். உள்ளே அடுப்பு, அடுப்பின் மேல் தாச்சி, தாச்சிக்கு முன்னால் ஆச்சி.

உடைமுள்ளையும் காய்ந்த ஓலையையும் தள்ளித் தள்ளி எரிப்பாள். பதநீர் பொங்கி விளிம்புக்கு வரும்போது இடித்த ஆமணக்கு முத்தில் ஒரு கிள்ளு போடுவாள். அத்தனை ஆவேசமாக எழுந்தது அப்படியே அடங்கிவிடும். அதைப் பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். கூப்பனியாகி இறுகத் தொடங்கியதும் துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவாள். உருண்டு நின்றால் பதம். சிரட்டைகளில் ஊற்றி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

ஆச்சியின் கருப்பட்டிக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பேர். அவள் வாய்க்கும் பேர் உண்டு, வேறு மாதிரி.

தாத்தாவின் தம்பி மனைவி சின்னாச்சியோடு ஆச்சி பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. சொத்து பிரித்தபோது எல்லையில் நின்ற ஒற்றைப் பனை யாருக்கு என்று வந்த வினை. தாத்தாவும் சின்னத் தாத்தாவும் அந்தப் பனை மூட்டிலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். பெண்கள் இருவரும்தான் முகம் பார்ப்பதில்லை. அந்த ஏழு வருடமும் ஆச்சி திருவிருந்து எடுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாள், பாயில் உட்கார்ந்து உரக்கப் பாடுவாள். அயலாரோடு சமாதானமாக இருப்பவர்களை ஐயர் பீடத்தண்டைக்கு அழைக்கும் கட்டம் வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொள்வாள். அதில் ஒரு நேர்மை இருந்தது. கசப்பை வைத்துக்கொண்டே முழங்கால்போட்டவர்களைப் பிற்பாடு நிறையப் பார்த்தேன், நானும் போட்டிருக்கிறேன்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரம். ஆச்சி அடுப்போடு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

“நான் மூத்தவ. நான் எதுக்குப் போவணும்? அவ வரட்டும்.”

ஓலையைத் தள்ளுவாள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

“மரத்த வேணா குடுத்துருதேன் ஆண்டவரே. அவ மூஞ்சில மட்டும் முழிக்கச் சொல்லாதியும்.”

பேரம் மூன்று நாள் நடந்தது. புதன்கிழமை பாகு அடிப்பிடித்தது. ஆச்சி கையில் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. தீய்ந்த வாடை சுற்றிக்கொண்டிருக்க, தாச்சியைத் தேய்க்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

பெரிய வியாழன் மத்தியானம் எழுந்து சேலையை உதறிக் கட்டினாள். “ஏல, வா” என்றாள். கையில் ஒரு கருப்பட்டிகூட எடுக்கவில்லை. நேரே சின்னாச்சி வீட்டு நடையில் போய் நின்றாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னாச்சியின் கை முறத்தோடு நின்றுவிட்டது.

“தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி தா.”

அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றுமில்லை. சின்னாச்சி செம்பை இரண்டு தடவை கழுவினாள். பானையில் மொண்டு நீட்டி, “உக்காருங்கக்கா” என்றாள். ஆச்சி நின்றபடியே அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தாள். கை நடுங்கியதில் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

அன்று இரவு ஆராதனையில் இருவரும் அடுத்தடுத்து முழங்கால்போட்டதைப் பாயில் இருந்து பார்த்தேன்.

ஈஸ்டர் முடிந்த வாரமே, “இருந்தாலும் அது நம்ம மரந்தான்” என்று ஆச்சி தொடங்கிவிட்டாள். தாத்தா சிரித்தார். “ஏட்டி, அதுக்குள்ளயா?”

கால்டுவெல் ஐயர் இடையன்குடிக் கோயிலை 1847-இல் தொடங்கி 1880-இல்தான் முடித்தார். எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஆச்சி திருப்பிக் கேட்டாள்: “கல்லுக் கோயிலுக்கே முப்பத்து மூணு வருசம் ஆச்சு. எனக்கு ஒரு வாரந்தான ஆவுது?”

எல்லைப் பனைப் பதநீர் அதன்பின் ஒரு நாள் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. சுமப்பவன் நான். அவர்கள் முறையன்று ஆச்சி என்னை நிறுத்திக் கலயத்துக்குள் எட்டிப் பார்ப்பாள். சில நாள் ஒன்றும் சொல்லமாட்டாள். சில நாள், “இம்புட்டுமா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.