அப்பா பேரில் வரவு

எங்கள் பக்கத்தில் நெல் விற்கிறவருக்கு இருந்த மரியாதை அரிசி விற்கிறவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. நெல் விற்றால் மிராசுதார். அரிசி விற்றால் கடைக்காரன். அதையே அவலாக்கிக் கூடையில் வைத்துத் தெருவில் கூவினால், பாவம், யாரோ ஒரு கிழவி. பண்டம் ஒன்றுதான். கை மாற மாற விலை ஏறுகிறது, மதிப்பு இறங்குகிறது.

சர்க்கார் நெல் வாங்க வந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14, பொங்கலன்று, பிறந்தபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. இன்றைக்கும் குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால், கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் முளைவிடும். ஈரப்பதம் 17 சதவீதம் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லி டில்லிக்குக் காகிதம் போகும். எத்தனை குறை இருந்தாலும் விவசாயிக்கு அது ஒரு காப்பு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காப்பின் நிழலில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் ஒரு வித்தையை மட்டும் கற்றுக்கொள்ளாமல் போய்விட்டார்கள்: எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் வித்தை.

அதே ஐப்பசி மழையால் ஒரு நன்மையும் விளைந்தது. நனைந்த குறுவை நெல்லை என்ன செய்வது என்று பார்ப்பதற்காக 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அது தஞ்சாவூருக்கு வந்து, புதுக்கோட்டைச் சாலையில் குடியேறி, சில பெயர்கள் மாறி, 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய நிறுவனமாகிவிட்டது. உணவுத் தொழில்நுட்பத்தோடு ‘தொழில்முனைவு’ என்ற சொல்லும் இப்போது அதன் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே மட்டுமல்ல, வல்லத்துப் பல்கலைக்கழகத்திலும் திருமலைசமுத்திரத்திலும்கூட மாணவர்களைத் தொழிலில் இறக்கிவிடத் தனி மையங்கள் உண்டு. இன்குபேட்டர் என்கிறார்கள். முட்டையை வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லா முட்டையும் பொரிப்பதில்லை என்பது உட்பட.

எல்லாப் பிள்ளைகளும் முதலாளியாகிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை கிடையாது. எல்லோரும் முதலாளியானால் லீவு கேட்க ஆள் வேண்டாமா? ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வருகிறவர்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல் இருந்தது. கும்பகோணத்தில் நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தி ஓய்ந்த நண்பர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஒரு கல்லூரிக்கு இந்த வேலையாகப் போகிறார். ஒரு நாள் நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் வருஷம். மாப்பிள்ளைச் சம்பா அவலைப் பொட்டலமாக விற்கத் திட்டம். கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாகப் படம் போட்டிருந்தாள். லாபம் மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று.

“நெல்லுக்கு என்ன விலை போட்டிருக்கே?” என்றார் நண்பர்.

“அது எங்க வீட்டு நெல்லு சார். அப்பா சும்மா தர்றாங்க.”

“வறுக்கிறது யாரு?”

“அம்மா.”

“அதுக்கும் கூலி கிடையாது?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“அப்பா சும்மா கொடுத்தா அது உன் லாபம் இல்லேம்மா, அவரோட நஷ்டம். வெளியிலே போட்டா என்ன கிடைக்குமோ அதை எழுது. அம்மா கூலியையும் எழுது.”

எழுதினாள். மாடிப்படி காணாமல் போயிற்று. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

“இப்பத்தான் கணக்கு ஆரம்பிக்குது,” என்றார் நண்பர். “பத்துப் பொட்டலம் எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை பெரிய கோயில் வாசல்லே நின்னு வித்துப் பாரு. வாங்கினவங்களை விடு. வேண்டாம்னவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதிக்கிட்டு வா.”

“கோயில் வாசல்லேயா சார்? தெரிஞ்சவங்க யாராவது பாத்தா?”

“பாக்கட்டும்.”

அடுத்த வாரம் வந்தாள். ஆறு விற்றிருந்தது. நான்கு விற்காத காரணம் நோட்டில் இருந்தது. எப்படிச் சமைப்பது என்று பொட்டலத்தில் போடவில்லை. தவிட்டு வாசனை அடிக்கிறது. கால் கிலோவாக இருந்தால் வாங்கலாம். நான்காவதாக அவள் எழுதியிருந்தது: ‘சித்தப்பா. பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.’

நண்பர் அதை இரண்டு தடவை படித்தார். முதல் மூன்றுக்கும் யோசனை சொன்னார். நான்காவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூலதனத்துக்கு எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவள் வீட்டுக்கு அந்த விதை வந்த வழியே ஒரு பதில்தான். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில், நம்மாழ்வார் தூண்டுதலால், ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை வாங்கிப்போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வேறு பத்திரம் கிடையாது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் என்று ஊரே சொல்லிற்று. வட்டிக்கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு நூறு. ஆனாலும் யாரும் அதைக் கடன் என்று சொல்லவில்லை. கொடுத்தவர் விளைச்சல் வரும்வரை கூடவே இருந்தார் என்பது காரணமாயிருக்கலாம்.

இந்தப் பெண்ணின் அப்பாவும் அங்கே விதை வாங்கி, இரட்டிப்பாக அளந்து கொடுத்தவர்தான். ஆனால் மகள் மூட்டைக்குப் பணம் நீட்டியதும் கோபம் வந்துவிட்டதாம். “பெத்த பொண்ணுக்கு நெல்லு விக்கிறதா?” என்று எழுந்து வயலுக்குப் போய்விட்டாராம். அவள் வந்து முறையிட்டாள்.

“வாங்கலேன்னா போறாரு,” என்றார் நண்பர். “நோட்டிலே அவர் பேர்லே வரவு வை.”

பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தாள். மேலே பிள்ளையார் சுழி போட்டாள். அதன்கீழ், ‘அப்பா: நெல் 3 மூட்டை’ என்று எழுதிவிட்டு, விலையை எழுதுமுன் சற்று நிறுத்தி, சந்தையில் போன வாரம் என்ன விலை போயிற்று என்று அவரைக் கேட்டாள்.